ஓரத்தைத் தொடாதீர்கள்

செம்மேடு, கொல்லிமலை
9.9.2024

அம்சவேணிக்கு,

தனபால் எழுதுவது. நீ போய் இன்றோடு பத்தொன்பது நாள்.

கட்டிய பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிற நிலை வரும் என்று நான் நினைத்ததில்லை. என்ன செய்வது? போன் போட்டால் இரண்டாவது வாக்கியத்தில் வைத்துவிடுகிறாய். நேற்று முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட்டாய். நாமக்கல் பஸ் கண்டக்டர் செங்கோடன்தான் சொன்னான். "அண்ணா, அக்கா கரூர்ல மேசைத்துணிக் கம்பெனில சேந்திருக்குதுங்க. ஹாஸ்டல்ல இருக்குது." என் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்பதைக் கண்டக்டர் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் அவன்தான் கொண்டுவருகிறான்.

முதலில் அவசரமான விஷயம். பாபின் டப்பாவை எங்கே வைத்தாய்? கடை முழுக்கத் தேடிவிட்டேன்.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேலை முடிந்துவிட்டது. தீபாவளி ரவிக்கைகள் வர இன்னும் மூன்று வாரம் ஆகும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெஷினில் உட்காருகிறேன், எழுந்துகொள்கிறேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறேன். காரவள்ளியிலிருந்து ஏறி வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். சும்மா நின்றால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று ஒரு அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். வீட்டில் ஏழு அன்னாசி கிடக்கிறது. இரண்டு அழுகிவிட்டது.

அருவிக்குப் போகிற வழியில் கடை போட்டிருக்கும் கோகிலவாணி நேற்று பிடித்துக்கொண்டாள். "ஏனுங்ணா, அக்கா தைக்கிற மேட் பை தீந்து போச்சுங்க. டூரிஸ்ட்டுக வந்து வந்து கேக்கறாங்க. எப்ப வருமுங்க?" பை எப்போது வரும் என்று கேட்டாளா, நீ எப்போது வருவாய் என்று கேட்டாளா, தெரியவில்லை. ரெடிமேடாக வருகிற மேசைவிரிப்பை மடித்து, இரண்டு பக்கம் ஓட்டினால் ஒரு பை. அதற்கு இத்தனை கிராக்கி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். கடையில் நாலு பேர் இருந்தபோது சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள். "இது தையலா, கோணி மூட்டறதா?" என்று கேட்டேன். கேள்விதானே கேட்டேன்? அதற்கு ஒருத்தி, "என் மெஷினக் குடுங்க, நான் போறேன்" என்பாளா? மெஷின் கடையை விட்டுப் போகாது என்றேன். மெஷின் போகவில்லை. நீ போய்விட்டாய்.

எப்போது வருகிறாய் என்று எழுது. பாபின் டப்பா பற்றியும் எழுது.

தனபால்


கரூர்
14.9.2024

மாமா,

பாபின் டப்பா அரிசித் தகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடையில் வைத்தால் நீங்கள் ஊசியையும் பாபினையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறீர்கள் என்று நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாது.

போனை ஏன் வைக்கிறேன் என்றால், நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் நடுவில் புகுந்து திருத்துகிறீர்கள். 'செவ்வாய்க்கிழமை வந்தேன்' என்றால் 'புதன்' என்கிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் வாயை மூடிக்கொண்டு படித்தாக வேண்டும். அதனால் இனி கடிதம்தான்.

ஒரு வாக்கியத்துக்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. கோணி மூட்டுவது என்றால் மூட்டுவதுதான், அதனால் என்ன? பதினோரு வருஷமாக நான் தைத்ததை நீங்கள் பிரித்தீர்கள். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டு வருவதற்குள், அரியூர் நாட்டில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள், அந்த அரை பிளேடை எடுத்து நான் ஓட்டிய தையலை எல்லாம் பிரித்து, மறுபடியும் நீங்களே ஓட்டிவிடுவீர்கள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்கள். மெஷினுக்கு அடியில் என் நூல் துண்டு துண்டாகக் கிடக்கும். நான் கூட்டி அள்ளுவேன். செம்மேட்டில் இத்தனை பேர் ரவிக்கை போட்டிருக்கிறார்கள், அதில் நான் போட்ட ஒரு தையலாவது இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். மேட் பை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதை ஒரு பொருட்டாக நினைக்காததால் நீங்கள் அதில் கை வைக்கவில்லை. அதையும் அன்றைக்கு நாலு பேர் முன்னால் எடுத்து, பிளேடு வைத்தீர்கள். உங்கள் கடிதத்தில் பிளேடைப் பற்றி ஒரு வரி இல்லை.

இங்கே செக்கிங்கில் இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற மேசைவிரிப்பு, மேட், நாப்கின் எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். தையல் கோணலாக இருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்கக் குறை பார்க்கிற வேலை. உங்களுக்கு ஏற்ற வேலை, எனக்குக் கிடைத்திருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கைச் செகண்ட்ஸ் என்று எங்களுக்கே கிலோ கணக்கில் கொடுப்பார்கள். அதில் கரண்டி மேட் என்று ஒன்று வருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும்போது கரண்டி, கத்தியை வரிசையாக வைக்க விரிப்பார்களாம். நாலரை அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம். நம் ஊரில் யாருக்கு வேண்டும் அது? நான் ஒன்றை எடுத்து மடித்து, இரண்டு பக்கமும் கை ஊசியால் ஓட்டி, நாடா வைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்கிற போன் பை செய்து என் அறையில் இருக்கும் சுஜிதாவுக்குக் கொடுத்தேன். எங்கள் யூனிட்டில் யார் சுடிதாருக்குப் பாக்கெட் இருக்கிறது? இப்போது ஹாஸ்டலில் எண்பது பேர் கேட்கிறார்கள். தீபாவளி லீவுக்கு 30ஆம் தேதி ஊருக்குப் போகும்போது மாட்டிக்கொண்டு போக வேண்டுமாம். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கை ஊசியால் எண்பது பை தைத்தால் அடுத்த தீபாவளிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வார்டன் ராதிகா அக்கா நவம்பரிலிருந்து வெளியில் ஒரு வீடு எடுக்கிறார். இரண்டு அறை. ஒன்றை எனக்குத் தருகிறேன், மெஷின் போட்டுக்கொள், வேலை முடிந்து வந்து தை என்கிறார். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை.

அம்சவேணி


செம்மேடு
20.9.2024

அம்சவேணிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை பேனாவை எடுத்து எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். மூன்றாவது தடவை, திருத்தியதைப் பார்த்து எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

பிரித்தேன் என்றால் ஏன் பிரித்தேன்? ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போகிறவள் 'அம்சவேணி தைத்தது' என்றா சொல்வாள்? 'தனபால் கடையில் தைத்தது' என்பாள். அக்குளில் தையல் கோணினால் என் பேர்தான் கெடும். உன்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் நானே சரிசெய்தேன். அது நல்லதனம் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குப் பிளேடு எடுத்தது உண்மை. ஒரு தையல்தான் பிரித்தேன்.

கரூரில் உனக்கு வீடு எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே வீடு இல்லையா?

அந்த எண்பது பையை என்னிடம் அனுப்பு. மறுக்காதே. எண்பது பை எனக்கு மூன்று நாள் வேலை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நேற்று தைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் தலையணை உறைக்குக் காஜா எடுத்தேன். தலையணைக்கு எதற்குப் பட்டன்?

உன் ஸ்வெட்டரும் மிளகும் அனுப்பியிருக்கிறேன். கரூரில் ஸ்வெட்டர் தேவைப்படாது என்று செங்கோடன் சிரித்தான். இருந்தாலும் வைத்துக்கொள்.

தனபால்


கரூர்
27.9.2024

மாமா,

செங்கோடனிடம் மூட்டை கொடுத்திருக்கிறேன். உள்ளே எண்பத்து நாலு கரண்டி மேட். நாலு கூடுதலாகப் போட்டிருக்கிறேன். நாடாவும் பட்டனும் தனிப் பொட்டலம். மேலே இருப்பது நான் கையால் தைத்த மாதிரி. அது கோணலாகத்தான் இருக்கும், எனக்கும் தெரியும்.

இதை உங்களுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சுஜிதா, "அக்கா, வெளிய குடுத்தா கூலி ஆயிரும். பைய அறுபது ரூபாய்க்குக் குடுக்க முடியாது. மாமாவுக்கே அனுப்புங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடியிலிருந்து ஏழு அங்குலம் மேலே மடியுங்கள். இரண்டு பக்கமும் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு ஓட்டு. மேலே மிச்சம் இருக்கிற நாலு அங்குலம் மூடி. பட்டன், நாடா. முடிந்தது.

இனி நான் எழுதுவதை இரண்டு முறை படியுங்கள். ஓரத்தைத் தொடாதீர்கள். அந்த ஓரம் கம்பெனியிலேயே மடித்துத் தைத்து வந்தது. அது தயாராக இருப்பதால்தான் இந்தப் பை இவ்வளவு மலிவு, இவ்வளவு சீக்கிரம். நூல் கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஒன்றிரண்டு இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர்கூட இருக்கும். பரவாயில்லை. யார் கேட்கப் போகிறார்கள்? ஸ்டிக்கரை உரித்துவிட்டு ஓட்டுங்கள். ஓரத்தைத் தொடாதீர்கள்.

மாமா, எண்பது பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மலையிலிருந்து வந்தவள், பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்று முதலில் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்கார மாட்டாள். இப்போது சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். அதுதான் விஷயம்.

மிளகு கிடைத்தது. ரசம் வைக்க அடுப்பு இல்லை. டப்பாவைத் திறந்து திறந்து மோந்துகொள்கிறேன்.

அம்சவேணி


செம்மேடு
9.10.2024

அம்சாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு எண்பத்து நாலு பை வருகிறது. எண்ணிக்கொள். ஒன்றையும் அவசரமாகப் பிரிக்காதே. கையைக் கழுவிவிட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பார்.

மூன்று நாள் வேலை என்று எழுதியிருந்தேன் அல்லவா? பதினோரு நாள் ஆகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். மூட்டையைப் பிரித்ததும் ஓரத்தைப் பார்த்தேன். எவன் தைத்தான் அதை? அங்குலத்துக்கு ஆறு தையல்கூட இல்லை. மூலையில் நூலைக் கட்டாமல் அப்படியே விட்டிருக்கிறான். இந்த ஓரத்தின் மேல் என் தையலை ஓட்டினால், அந்தக் கோணல் வேலையும் என் கணக்கில்தான் சேரும். முதல் நாலு பையை நீ சொன்னபடியே தைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. அதையும் பிரித்தேன். எண்பத்து நாலு மேட்டுக்கும் நாலு பக்க ஓரத்தையும் பிளேடு வைத்துப் பிரித்தேன். பழைய மடிப்புப் பிசிறை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக மடித்து, அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் வைத்து ஓட்டினேன். ஒரு தீபாவளி ரவிக்கைகூட வாங்கவில்லை. வந்தவர்களை எல்லாம் அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

கோகிலவாணி பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, பாரின் சாமானாட்டம் இருக்குதுங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

நீ சொல்லாததைச் செய்துவிட்டேன் என்று முதலில் கோபப்படுவாய். பையைக் கையில் எடுத்ததும் உனக்கே தெரியும். எண்பது பேரும், யார் தைத்தது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் என்று சொல்.

கிடைத்ததும் போன் பண்ணு. நடுவில் பேச மாட்டேன்.

தனபால்


செம்மேடு
12.10.2024

அம்சா,

மூட்டையைக் கொடுத்துவிட்டதாகச் செங்கோடன் சொன்னான். மூன்று நாள் ஆயிற்று. நீ போனும் பண்ணவில்லை. பை எப்படி இருக்கிறது? நேற்று பஸ் ஸ்டாண்டுக்கு நாலு முறை போனேன். இனி அன்னாசிப்பழம் வாங்கி வைக்க இடமில்லை.

தனபால்


கரூர்
15.10.2024

உங்களுக்கு,

போன் பைக்குள் போகவில்லை.

எண்பது பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டையை நான் அவர்கள் முன்னால்தான் பிரித்தேன். எடுத்ததும் எல்லாரும் அழகு அழகு என்றார்கள். சுஜிதா முதலில் தன் போனை வைத்தாள். முனை போயிற்று, அப்புறம் நின்றுவிட்டது. கவரைக் கழற்றிவிட்டு வைத்தாள். அப்போதும் போகவில்லை. எண்பத்து நாலு பையிலும் வைத்துப் பார்த்தோம். ஒன்றில்கூடப் போகவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம். அதற்குள் ஒரு ஓட்டு. நாலரை அங்குல மேட்டில் எனக்கு என்ன மிச்சம் வைத்தீர்கள்? அளவு பார்த்து ரவிக்கை தைக்கிறவருக்கு இது தெரியாதா? போன் என்ன அகலம் என்று ஒரு முறை உங்கள் போனை வைத்துப் பார்த்திருந்தால் போதும். நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் கண்ணில் பட்டது ஓரம் ஒன்றுதான்.

நான் உங்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். இரண்டு முறை எழுதினேன். அதையும் பிரித்துவிட்டீர்கள்.

இன்றைக்கு மதியம் சாப்பாட்டு மேசையில் நானாகவே ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். ராதிகா அக்காவிடம் வீடு வேண்டும் என்று சொல்லப் போகிறேன்.

பதில் எழுத வேண்டாம்.

அம்சவேணி


செம்மேடு
23.10.2024

அம்சாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு மழை. மலைப் பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து பஸ்கள் நின்றுவிட்டன. மறுநாள் வழி விட்டதும் முதல் பஸ்ஸில் மலை இறங்கினேன். கரூருக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். செகண்ட்ஸ் விற்கிற கடைகளாக ஏறி இறங்கி, அதே கரண்டி மேட்டை நாலாவது கடையில் பிடித்தேன். எண்பது வாங்கினேன். என் போனை எடுத்து ஒவ்வொரு மேட்டிலும் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர், "ஏனுங்க, போன் விக்க வந்தீங்களா?" என்றார்.

சாயங்காலம் உன் ஹாஸ்டலுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். வேன் வந்தது. நீ கடைசியாக இறங்கினாய். பக்கத்தில் ஒரு பெண், சுஜிதாவாக இருக்கும், ஏதோ சொன்னாள். நீ நின்று, தலையைச் சாய்த்து, முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உன்னைக் கூப்பிடலாம் என்று வந்தவன், கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

நாமக்கல்லில் பஸ் மாறும்போதுதான் ஒன்று தெளிவாயிற்று. என் பேர் கெடும், கடை பேர் கெடும் என்று எழுதியதெல்லாம் பொய். நான் இல்லாமல் ஒன்று நன்றாக நடக்கிறது என்றால் எனக்குப் பொறுக்கவில்லை. உன் மேட் பையும் அப்படித்தான். அது கோணலாக இருந்ததற்காகவா பிளேடை வைத்தேன்? கோணலாக இருந்தும் விற்றது. அதற்காகத்தான் வைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

எண்பது மேட்டையும் நீ சொன்னபடி மடித்தேன். ஓரத்தைத் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மூலையில் நூல் தொங்குகிறது, ஒரு மேட்டில் மடிப்பு பாம்பு மாதிரி போகிறது. எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். மூன்று நாளில் முடிந்துவிட்டது. மூன்று நாள் வேலை என்று நான் முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

முடிந்தது என்றா எழுதினேன்? பாதி முடிந்தது. ஒவ்வொரு பையிலும் வலது பக்கம் நான் ஓட்டியிருக்கிறேன். இடது பக்கம் திறந்தே இருக்கிறது. அது உன்னுடையது. இரண்டு பக்கமும் நானே ஓட்டி அனுப்பினால் மறுபடியும் என் பைதான். எண்பது ஓட்டு, உன் கைக்கு இரண்டு சாயங்காலம் போதும்.

எதில் ஓட்டுவது என்று கேட்பாய். மூட்டைக்குப் பின்னால் உன் மெஷின் வருகிறது. தலையும் ஸ்டாண்டும் இரண்டும். கோணிச் சாக்கில் சுற்றி, நானே மூட்டியிருக்கிறேன். எண்ணெய் விட்டிருக்கிறேன். பெல்ட் புதுசு. செங்கோடன் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, "அண்ணா, இந்த அக்காவ எழுவது வளைவுலயும் ஆட்டாம கூட்டிட்டுப் போறேன்" என்றான். நாமக்கல்லில் அவனே கரூர் பஸ்ஸில் மாற்றிவிடுவான். நானே கொண்டுவந்திருக்கலாம். வந்தால் பேசுவேன். பேசினால் திருத்துவேன். அதனால் வரவில்லை.

மெஷின் போன இடத்தில் தரையில் நாலு கால் தடம் இருக்கிறது. அதற்கு மேல் எதையும் வைக்கவில்லை.

வீட்டை எடுத்துக்கொள். ஜன்னல் இருக்கிற அறையாகக் கேள். மெஷினை வெளிச்சம் இடது கைப்பக்கம் விழுகிற மாதிரி போடு. இது திருத்தம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

மெஷின் டிராயரில் காகிதத்தில் சுற்றி ஒரு பொருள் வைத்திருக்கிறேன். அரை பிளேடு. கையைக் கீறிக்கொள்ளாதே.

தனபால்


கரூர்
28.10.2024

மாமா,

பிளேடு கடையில் இரண்டு ரூபாய்க்கு விற்கிறது. அதை எனக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வேறு கிடைக்காது என்று நான் நம்ப வேண்டுமாக்கும். இருந்தாலும் வைத்துக்கொண்டேன். பென்சில் சீவுகிறேன்.

மெஷின் பத்திரமாக வந்தது. ஹாஸ்டலில் ஏற்றவிடவில்லை. ராதிகா அக்கா புது வீட்டுச் சாவியை முன்னாலேயே வாங்கி, அங்கே இறக்கிக் கொடுத்தார். சாக்கின் மூட்டலைப் பிரிக்க ஆறு பேர் பாடுபட்டோம். கோணி மூட்டுவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

இரண்டு சாயங்காலம் என்றீர்கள். மூன்று ஆயிற்று. என் கை மெஷினை மறந்திருந்தது. முதல் பத்துப் பையில் என் பக்கம் தாறுமாறாகப் போகிறது. பிரிக்கலாமா என்று யோசித்தேன், அப்புறம் போகட்டும் என்று விட்டேன். நேற்று எண்பது பேருக்கும் கொடுத்துவிட்டேன். போன் போகிறது. எல்லாப் பையிலும் போகிறது. ஒருத்தி இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ஒரு பக்கம் நேரா இருக்குது, ஒரு பக்கம் ஆடிட்டு வருதே?" என்றாள். "நேரா இருக்கறது அவரு, ஆடறது நானு" என்றேன். சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

அந்தச் சின்ன எண்பத்து நாலு பையும் வீணாகவில்லை. ராதிகா அக்கா அதில் தன் மூக்குக்கண்ணாடியை வைத்தார். அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. செக்கிங்கில் கண்ணாடி போட்டவர்கள் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று. மிச்சத்தை வரும்போது கொண்டுவருகிறேன், கோகிலவாணியிடம் கொடுங்கள், கண்ணாடிப் பை என்று சொல்லி விற்கட்டும். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் சொல்லவில்லை.

டீக்கடையில் நின்றவர் ஏன் கூப்பிடவில்லை? கூப்பிட்டிருந்தால் திட்டியிருப்பேன். ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம்.

வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த முடிவை மாற்றவில்லை. கோபத்தில் எடுத்தது என்று நினைத்து இரண்டு நாள் தள்ளிப் பார்த்தேன். கோபம் போன பிறகும் வீடு வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஜன்னல் இருக்கிற அறை எனக்கு. வெளிச்சம் இடது கைப்பக்கம்தான் விழுகிறது. சாவி இரண்டு கேட்டிருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் மலை ஏறி வருவேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இறங்கி வாருங்கள். வரும்போது அன்னாசி கொண்டுவராதீர்கள்.

நாளை மறுநாள் தீபாவளிக்கு வருகிறேன். நாலு நாள் லீவு. செங்கோடன் பஸ்தான். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவேன்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன்னால் எண்பது பையையும் மேசையில் பரப்பி, வேலைப் பழக்கத்தில், ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பத்தேழாவது பை. வலது பக்கம், உங்கள் பக்கம். பாதி வரைக்கும் கோடு போட்ட மாதிரி வந்து, நடுவில் மூன்று தையல் விலகி, ஓரத்துக்கு வெளியே போய், மறுபடியும் உள்ளே வந்திருக்கிறது. பதினோரு வருஷத்தில் உங்கள் தையல் விலகி நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் எதை நினைத்துக்கொண்டு ஓட்டினீர்கள் என்று எனக்குத் தெரியாது. கை தானாகப் போய்ச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டது.

அப்புறம் ஸ்டிக்கரை உரித்தேன். பிரிக்கவில்லை. அந்தப் பையை யாருக்கும் கொடுக்கவும் இல்லை; சுஜிதாவுக்கு நான் முதலில் கையால் தைத்துக் கொடுத்ததே போதுமாம். நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் போனை அதில்தான் வைத்திருக்கிறேன்.

அம்சவேணி